எண்ணுங்கள்

ஞாயிறு பத்து மணிக்கு
நீட் பிள்ளைகள் முன்னால் பேச வேண்டும்.
பாளையங்கோட்டை, கல்யாண மண்டபம், முந்நூறு நாற்காலி.
'மருத்துவம் என்னும் மகத்தான பயணம்' என்று
தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்.
அச்சடித்த தாளில் என் பெயர்:
டாக்டர் பொன்மலர் தேவஇரக்கம், மயக்கவியல் நிபுணர்.

பயணம் என்றால் உண்மைதான்.
காலையில் அம்பை, இரண்டு குடலிறக்கம்.
மதியம் வள்ளியூர், ஒரு சிசேரியன்.
திரும்பும் வழியில் நாங்குநேரி டோல்கேட் தாண்டி
காரிலேயே தயிர்சாதம்.
ராத்திரி வண்ணார்பேட்டையில் யாருக்கோ இடுப்பு.
பின்சீட்டில் என் மருந்துப்பெட்டி
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், பிள்ளையைப் போல.

கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
முதல் வரி: 'நான் ஆசைப்பட்டு வந்தவள்.'
அடித்தேன்.
ஆசைப்பட்டது கணக்கு.
சேலையில் சாக்பீஸ் தூசியோடு
நாலரை மணிக்கு வீடு திரும்புகிற ஒருத்தி.
தொண்ணூற்று மூன்றில் லிஸ்ட் வந்த அன்றைக்கு
அப்பா சமாதானபுரம் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார்.
கொடுத்த மிட்டாயைத் திரும்ப வாங்க முடியுமா?

இரண்டாம் வரி: 'நோயாளிகள் நம்மைத் தெய்வமாக…'
அதையும் அடித்தேன்.
கும்பிடெல்லாம் சர்ஜன் இசக்கியப்பனுக்கு.
அவர்கள் கடைசியாகப் பார்க்கும் முகம் என்னுடையது,
மருந்து முதலில் அழிப்பதும் அதைத்தான்.
ஒருதடவை டவுன் ரதவீதி ஜவுளிக்கடையில்
நாலு நிமிஷம் நின்றுபோன நெஞ்சை நான் மீட்டுத் தந்த ஆள்
"கொஞ்சம் தள்ளுங்க" என்றார்.
தள்ளினேன்.

மூன்றாம் வரி எழுதவில்லை.
ஒன்பது வயது. குடல்வால். சேரன்மகாதேவி, ஐப்பசி மழை.
எல்லாம் முறைப்படிதான் செய்தேன் என்று
கமிட்டி எழுதிக் கொடுத்தது.
முறைப்படிதான் செய்தேன்.
காகிதம் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில்.

கூடப் படித்த ஸ்டீபன் பாக்கியநாதன்
நாலாம் வருஷத்தில் விட்டுவிட்டுப் போனவன்,
மூன்றடைப்புப் பக்கம் பெட்ரோல் பங்கு வைத்திருக்கிறான்.
டீசல் போடும்போதெல்லாம் கேட்பான்:
"இன்னும் ஊரைத் தூங்க வச்சிக்கிட்டு அலையுதியா?"
"நீ தூங்குதியா?"
"பத்து மணிக்கெல்லாம்."
டயருக்குக் காற்று அடித்துத்தான் அனுப்புவான்.
காற்றுக்குக் காசு வாங்கமாட்டான்.

நேற்று, முக்கூடல் மைதீன் பாத்து. கர்ப்பப்பை.
"நூறுலேர்ந்து கீழ எண்ணுங்கம்மா" என்றேன்.
"கீழ எண்ணத் தெரியாதே. நமக்கு இருவத்தஞ்சு வரைக்குந்தான்."
ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி.
சரி, அப்படியே எண்ணுங்க.
மருந்து ஏறியது. ஒண்ணு, ரெண்டு...
வயிற்றின் மேல் விரல்கள் சுருட்ட ஆரம்பித்தன,
இல்லாத இலையில் இல்லாத தூள் வைத்து,
நுனி மடக்கி, நூல் சுற்றி.
பதினொன்றில் குரல் நின்றது.
விரல் இன்னும் ஒன்றைச் சுருட்டி முடித்தது.
"பன்னெண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.
இரண்டு மணிநேரம் கழித்துக் கண் திறந்தவள் கேட்டது:
"கட்டு முடிஞ்சுதா?"
முடிஞ்சுது என்றேன்.
காரில் ஏறி, சாவி போடாமல்
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை எப்படிச் சொல்ல, முந்நூறு நாற்காலியிடம்?

என்னென்னவோ பேசினேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
"மறுபடி பதினேழு வயசு வந்தா
இதையே எடுப்பீங்களா மேடம்?"
மைக் இரைந்தது.
பழக்கம், அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிமிஷத்துக்கு இருபத்தாறு.
பக்கத்தில் அவள் அப்பா, மடியில் ஒரு பை.
மிட்டாயாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.
"உக்காரும்மா. தண்ணி குடி.
மெதுவா மூச்சு விடு, அவசரமில்ல."
இருபத்திரண்டு.
மண்டபமே காத்திருந்தது.
பத்தொன்பது.
அதற்குள் வள்ளியூரிலிருந்து போன்.