பதினெட்டாவது வளைவு

ஐப்பசி முழுக்க மழை.
அடிவாரம் தாண்டியதும்
கண்ணாடி உள்பக்கம் வேர்க்கத் தொடங்கும்.
இந்தக் குளிரில் எதற்கு ஏசி என்பவர்களுக்குப்
பதில் சொல்வதில்லை.
பொத்தானை அழுத்துவேன்,
சாலை திரும்பக் கிடைக்கும்.

ஒன்பதாவது வளைவில் ஒரு பிள்ளை சொன்னாள்:
"அம்மா, இந்தக் காருக்குள்ள
நனைஞ்ச சாக்கு நாத்தம்."
அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.
பத்தாவது வளைவில் வாந்தி.
எப்போதும் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் பை
அன்று டிக்கியில்.

இறங்கி நின்று, ஏறி உட்கார்ந்து,
இழுத்து முகர்ந்தேன்.
என் கார்
என் கார் மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன:
ஏறியதும் கைக்குட்டை எடுக்கும் பிலோமினா டீச்சர்
(மூன்று வருடமாக அவருக்குச் சளி என்று நினைத்திருந்தேன்),
மழையிலும் இரண்டு விரல் அளவு
ஜன்னலை இறக்கும் எஸ்டேட் ரைட்டர்,
ஒருவரை ஒருவர்
சந்தேகமாகப் பார்த்துக்கொண்ட தேனிலவு ஜோடி.

ஐந்து ரோட்டில் எலுமிச்சை வாசனை அட்டை வாங்கினேன்.
எலுமிச்சை போட்ட சாக்கு.
செவ்வாய்ப்பேட்டையில் கட்டிச் சூடம்.
கோயிலுக்குப் போன சாக்கு.
நாகலூர் காபித்தூளைத் துணியில் முடிந்து
சீட்டுக்கு அடியில் வைத்தேன்.
காலையில் கதவைத் திறந்த என் மனைவி
"காபி குடிச்சிட்டு உக்காந்திருக்கு" என்றாள்.

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் தீர்த்தகிரி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்,
டேஷ்போர்டின் பெட்டியைக் கழற்றி
என் மடியில் வைத்தான்,
இன்சூரன்ஸ், படகுத்துறை ரசீது, பாதி சீப்போடு.
உள்ளே கைவிட்டு உருவினான்
ஒரு சல்லடையை.
வெள்ளையாக இருக்க வேண்டியதாம்.
சில்வர் ஓக் சருகு, ஈசல் இறகு, மிளகுக் காம்பு,
எலி எங்கிருந்தோ கொண்டுவந்த
சிவப்புக் கம்பளி நூல்.

"இத மாத்தி எத்தன வருசமாச்சுண்ணே?"
"இப்படி ஒண்ணு இருக்கா?"
அவன் சிரித்திருக்கலாம்.
சிரிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

காருக்கு அடியில் படுத்தபடி
ஒரு குழாயைக் கம்பியால் குத்தினான்.
சேறு அடைத்திருந்தது.
முதலில் சொட்டு,
பிறகு ஒரு சொம்பு அளவு
கறுத்த தண்ணீர்
சேலம் வெயிலில் ஓடிப் போனது.
அத்தனை மாதமும்
ஏற்காட்டுப் பனியைப் பயணிகளுக்குத் தெரியாமல்
இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்,
வாடகை வாங்காமல்.

நுரை அடித்தான், காத்திருந்தான், கழுவினான்.
புதுச் சல்லடையைச் சொருகினான்.
உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானைக் காட்டி
"லாரிப் புகைக்கு மட்டும்" என்றான்.
லாரிக்குப் பயந்து வருடக்கணக்கில்
விட்ட மூச்சையே விட்டுக்கொண்டிருந்தோம்
நானும் நாலு பேரும்.
"அப்புறம் எடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஏசிய அணைக்காதீங்க.
ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே அணைங்க.
காத்தாடி மட்டும் ஓடட்டும்.
ஈரத்தோட மூடி வச்சா
எதுதாண்ணே நாறாது?"

சல்லடை, நுரை, கூலி எல்லாம் சேர்த்துச் சொன்னான்.
பேரம் பேசவில்லை.

மேலே ஒண்டிக்கடையில் நிறுத்தி
டீ ஆற்றிக்கொண்டிருந்த பெருமாயியைக் கூப்பிட்டேன்.
"அக்கா, தலைய உள்ள விட்டு
என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க."
என் மூக்கை நான் நம்புவதை விட்டிருந்தேன்.
டம்ளரோடு குனிந்தார்.
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார்,
ஏமாற்றிவிட்டது போல.

இப்போது பதினெட்டாவது வளைவில் அணைக்கிறேன்.
காத்தாடிச் சத்தம் மட்டும்.
பின்சீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்,
"ஏசி ரிப்பேருங்களா?"
"காயுதுங்க" என்பேன்.

கண்ணாடி வழியே என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு
பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொள்வார்கள்.