செருப்பில் வந்தது

கிலோ ஒரு ரூபாய்க்கும் கேட்பாரில்லாமல்
பாலக்கோடு மண்டியோரம் கொட்டிப்போன தக்காளியில்
ஒன்று என் செருப்போடு மாடியேறியது.
துவைகல் பக்கம் கழுவிவிட்டேன்.
பத்தாம் நாள் அங்கே நாலு முளை.

விதைக்கான செலவு அவ்வளவுதான்.

வாளி, பெயின்டர் முனிவேலு கொடுத்தது.
ஆணியைக் காய்ச்சி அடியில் மூன்று துளை.
செம்மண்ணோடு பாதிக்குப் பாதி நார்த்தூள்;
ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கொருமுறைதான்,
ஈரத்தை அதுதான் கட்டிவைக்கும்.
காலையில் அரிசி களைந்த நீர்.
சித்திரை வெயிலுக்குக் கிழிந்த சேலை.

தளம் ஒழுகும் என்றார் வீட்டுக்காரர்.
செங்கல்மேல் தூக்கி வைத்தேன்.
அப்படியும் முறைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

நேற்று கிலோ எண்பது.
வீட்டுக்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்து
செடி எப்படி இருக்கிறது என்கிறாள்.

முந்தானைக்குள் கிண்ணம்.