நாற்காலி மேல் ஒரு கைப்பை

சாட்ஸ்வர்த் முதியோர் இல்லத்தில்
பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி.
மின்விசிறிக்குக் கீழுள்ள மேசை எங்களுடையது என்று
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
ஐந்து நாற்காலி, நாலு பேர்.
ஐந்தாவதில் லோகாம்பாளின் கைப்பை உட்கார்ந்திருக்கும்,
பருப்பும் ரொட்டியும் கேட்காமல்.

மூன்று வாரத்துக்கு முன் சலாச்சி வந்தாள்,
டோங்காட்டிலிருந்து, ஒரே பெட்டியோடு.
தட்டைப் பிடித்தால் கை நடுங்கும்,
குழம்பு விளிம்பைத் தாண்டிவிடும்.
"ஆள் வருது" என்றாள் லோகாம்பாள்
பையின் மேல் கையை வைத்து.
யாரும் வரவில்லை.
மறுநாளும் ஆள் வந்துகொண்டே இருந்தது.
மூன்றாம் நாள் சலாச்சி கேட்கவில்லை.
கைகழுவும் இடத்து ஜன்னல் கட்டையில்
தட்டை வைத்து
நின்றபடி சாப்பிட்டாள்,
எண்பத்தோரு வயதில்.

நான் என்ன செய்தேன் என்றால்
சிரித்தேன்.
லோகாம்பாள் தன் கையை அவள் கைபோல நடுக்கிக் காட்ட
கரண்டி தட்டில் கிணுகிணுத்தது,
அதற்கு.
பெரிய சிரிப்பெல்லாம் இல்லை.
மூக்கால் விடும் காற்று.
அது போதும். எப்போதும் அது போதுமாயிருந்தது.

பள்ளிக்கூட பஸ்ஸில் முதலில் எனக்குத்தான் பெயர் வைத்தார்கள்.
என்ன பெயர் என்று சொல்லமாட்டேன்.
எழுபது வருஷம் கழித்தும் யாராவது அப்படிக் கூப்பிட்டால்
திரும்பிவிடுவேனோ என்று பயம்.
பிறகொரு நாள் மீன்காரர் மகள் பூங்காவனம் ஏறினாள்.
ஜூன் மாதம், வலை நிறைந்த வாரம்,
அவள் பின்னல் நுனி வரை கடல் வாடை.
"மத்தி" என்று முதலில் கத்தியவள் நான்.
தலைச்சுமையை இறக்கியவள் மாதிரி
அன்று லேசாக வீடு போனேன்.

தையல் ஆலையில் அமோயின் கத்தரிக்கோலைத்
தினமும் ஒளித்தார்கள்.
நூறு காலர் கணக்கில் அவளுக்கு எழுபதுதான் தேறும்.
வெள்ளிக்கிழமை உறை மெலிந்துகொண்டே போயிற்று.
கத்தரிக்கோல் என் பெட்டியில் இல்லை.
இருக்குமிடம் மட்டும் தெரியும்.
ஒரு திங்கட்கிழமை அவள் மிஷினில்
வேறொருத்தி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
யாரும் அமோயைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும்.

அதற்கெல்லாம் முன்னால்
டர்பன் கடற்கரையில் ஒரு பெஞ்சு.
உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை,
அம்மா என்னை வெடுக்கென்று தூக்கினாள்.
முதுகுப் பலகையில் இருந்ததைப் படிக்க
பிற்பாடுதான் கற்றேன்.
வெயில் குடித்த மரத்தின் சூடு
இன்னும் தொடையில் இருக்கிறது.
அந்தப் பலகையைக் கழற்றி எத்தனையோ வருஷமாச்சு.
மிச்சத்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் போல,
நாலாய் மடித்து, கைப்பையில்.

புதிதாக வேலைக்கு வந்த சின்லே
போன வாரம் என்னிடம் கேட்டாள்,
"அந்த நாற்காலிக்குக் கால் உடைஞ்சிருக்கா?
ரிப்பேருக்கு அனுப்பட்டுமா?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.
அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று பையைத் தூக்கினேன்.
கனக்கும் என்று நினைத்திருந்தேன்.
வாய் திறந்து கொட்டியது:
ஒரு கண்ணாடிக் கூடு, மாத்திரைச் சீட்டு,
பெர்த்திலிருந்து மகன் போட்ட வாழ்த்து அட்டை.
மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்தது.
லோகாம்பாள் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து பொறுக்கினேன்.
பையை அவள் மடியில் வைத்தேன்.

சலாச்சி காலி நாற்காலியைப் பார்த்தாள்.
வரவில்லை.
ஏன் வரவேண்டும்.

என் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.
முதுகுக்குப் பின்னால் ஒருத்தி
மூக்கால் காற்று விட்டாள்.
என் சிரிப்பு அது, அடையாளம் தெரிந்தது.
கட்டை ரெண்டு தட்டுக்குப் போதாது.
கையில் பிடித்தே நின்றேன்,
என் குழம்பும் விளிம்பு வரை வந்தது.
அதைப் பார்த்தவள்
தன் தட்டை ஒரு விரல்கடை நகர்த்தினாள்.
அவ்வளவுதான் இடம்.

பருப்பில் உப்பில்லை என்றாள்.
இல்லைதான்.