வலப்பக்கம்

"ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்றாள் நர்ஸ்.
பதினோரு வருடம் ரீகாவில் டிராம் ஓட்டுகிறவளுக்கு
எண் என்றால் நிறுத்தம்தான் நினைவுக்கு வரும்.
பாலம் ஏறும்போது மூன்று, என்றேன்.
சந்தை தாண்டி, வளைவில், ஏழு.
பணிமனையில் இறங்க
ஒரு காலைக் கீழே வைக்கும்போது
எண் கிடையாது.

அவள் ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

இருட்டறை. அடிவயிற்றில் சில்லென்ற பசை.
திரையில் ஒரு கறுப்பு வட்டம்.
டௌகவா உறைந்த பிறகு மீன்பிடிக்கிறவர்கள்
பனியில் துளைத்து வைக்கும் ஓட்டை அப்படித்தான் இருக்கும்.
"பிளம் பழ அளவு" என்றார் டாக்டர் ஆவ்ஸ்திரா.
அதென்ன எப்போதும் பழம்?
சென்டிமீட்டரில் சொல்லுங்கள், வீட்டில் ஸ்கேல் இருக்கிறது.
சிரித்தார்.
"நாலு புள்ளி ஏழு."

வெறும் நீர்தானாம்.
முட்டையை வெளியே விட உடைந்திருக்க வேண்டிய பை
உடையாமல் ஊதிக்கொண்டதாம்.
பெரும்பாலும் தானே வற்றிவிடும்,
ஆறு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன்,
அதுவரை சூட்டு ஒத்தடம், மாத்திரை (வெறும் வயிற்றில் வேண்டாம்),
வலி எப்போது வருகிறதென்று ஒரு குறிப்பு.
பிறகு மேசையில் கிடந்த இயர்போன் வயரை எடுத்து
இரண்டு முறுக்கு முறுக்கிக் காட்டினார்.
"சினைப்பை இப்படி முறுக்கிக்கொள்வதும் உண்டு. அபூர்வம்.
அப்படியானால் திடீரென்று வெட்டும். வாந்தி வரும்.
ஷிப்ட் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.
டிராம் நடுரோட்டில் நிற்கட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்."
கையை எடுத்ததும்
வயர் மெல்லப் பிரிந்துகொண்டது.

எங்கள் வண்டியில் ஒரு மிதி உண்டு.
கால் எடுத்தால் வண்டி தானே நின்றுவிடும்.
ஓட்டுகிறவன் செத்துப்போனாலும்
பயணிகள் பிழைக்க வேண்டுமென்று யோசித்து வைத்தவன்
எட்டு மணி நேரம் வலது காலால் அழுத்துகிற உடம்பில்
வலப்பக்கம் வேறென்ன இருக்கிறதென்று
யோசித்திருக்க மாட்டான்.

வெந்நீர்ப் பையைச் சீருடைக்குள் செருகிக்கொண்டேன்.
முன் கதவில் ஏறிய பையன்
"உள்ளே பூனைக்குட்டியா?" என்றான்.
ஆமாம். தூங்குகிறது. சத்தம் போடாதே.

பணிப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினேன்.
செவ்வாய்: உட்கார்ந்து எழுந்ததும்.
வியாழன்: ஒன்றுமில்லை. (ஒன்றுமில்லாததையும் எழுதச் சொன்னார்.)
வெள்ளி: சிரித்தபோது.
சனி, இரவு: நொர்முண்ட்ஸிடம் இன்று வேண்டாம் என்றேன்.
ஏன் என்பதையும் முதல்முறையாகச் சொன்னேன்.
அவன் விளக்கைப் போட்டான். வெந்நீர் வைத்தான்.
கெட்டில் கொதிக்கும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது வாரம், பாலம் இறங்கியதும், எட்டு.
ரேடியோவை எடுத்தேன்.
கட்டுப்பாட்டறையில் குனார்ஸ்.
இத்தனை வருடமும் அவரிடம்
"வயிறு சரியில்லை" என்றே சொல்லிவந்தேன்.
"வலது சினைப்பையில் நீர்க்கட்டி" என்றேன்.
"மாற்று ஓட்டுநர் வேண்டும்."

ஊரின் எல்லா டிராமிலும் கேட்கிற அலைவரிசை அது.
இரைச்சல்.
குனார்ஸ் இருமினார்.
அவர் வாய் திறக்கும் முன்
எந்தத் தடத்திலிருந்தோ ஒரு பெண் குரல்:
"எனக்கு இடப்பக்கம்."
இரைச்சல்.
"எனக்கு ரெண்டும்," என்றாள் இன்னொருத்தி.
"என் லாக்கரில் சூட்டுப்பட்டை இருக்கிறது, எடுத்துக்கொள்.
சாவி தேநீர் டப்பாவுக்குப் பின்னால்."

பட்டை அடர்நீலம்.
யாரோ ஒருத்தியின் இடுப்பளவில் ஊக்கு குத்தியிருந்தது.
கழற்றாமலே கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்கேனில் இரண்டு புள்ளி ஒன்று.
வற்றுகிறது. போய்விடவில்லை.
டாக்டர் இன்னும் ஒரு தேதி கொடுத்தார்.
மிதி அதே இடத்தில்தான் இருக்கிறது.

விடுப்புப் படிவத்தில்
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
விஸ்மா ஓசோலா, ஓட்டுநர்,
கோட்டைத் தாண்டி
ஓரம்வரை எழுதினேன்.