வர்க்கி நாற்பத்திநாலு

ஒன்பது பேர், ஒன்பது இருவாச்சிகள்.
விளையாட்டைச் செய்த நாட்டில் அந்தப் பறவைக்கு
வேறேதோ பெயர்.
எனக்கு அது இருவாச்சிதான்.

அலகில் கனல்விதை.
பதினோரு எண்ணிக்கைக்குள் இன்னொரு அலகுக்கு மாற்றாவிட்டால்
கருகிப்போய்ப் பறவை விழும்.
எதிரணியின் மரம் ஆகாயத்தில் மிதக்கிறது, வேர் தொங்க.
அதன் பொந்துக்குள் விதையைப் போட்டால் ஒரு புள்ளி.

பொந்துக்குள் ஒருத்தி இருப்பாள்,
மண் பூசி அடைத்து, ஒரு கீறல் மட்டும் விட்டு.
கீறல் வழியே தெரிகிற அளவு ஆகாயத்தை வைத்து
விதை வரும் திசையை ஊகிப்பவள்.
எட்டு மாதமாக அது நான்.

பகலில் அரவேணு ஃபேக்டரியில் இலைக்கு எடை போடுகிறேன்.
ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று
தினமும் பத்துப் பேரோடு சண்டை.
இரவு பதினொன்றுக்கு மேல்
கம்பளிக்குள் கால், கையில் கன்ட்ரோலர்.
இன்வெர்ட்டருக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.

எதிரணியில் வர்க்கி44.
மலையாளத்துக்காரர் என்று நினைத்திருந்தேன்.
கோட்டயத்துப் பக்கம் கொஞ்சம் ரப்பர், மீசை,
தூங்காத ஒரு நாய்.
இடப்பக்கம் சாய்ந்து ஏமாற்றி
வலப்பக்கம் எறிகிற ஆள்.
நூற்றுப்பன்னிரண்டு எறிந்ததில் நாற்பது
என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.
எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனி மாதக் காற்று. எங்கோ ஒரு சில்வர் ஓக்
கம்பிமேல் சாய்ந்திருக்க வேண்டும்.
என் பல்பு ஒருமுறை இமைத்து இன்வெர்ட்டருக்கு மாறியது.
அதே இமைப்பில்
வர்க்கியின் இருவாச்சி நடுவானில் நின்றது,
இறக்கை விரித்தபடி, காலண்டர் படம் மாதிரி.
எங்கள் ஆட்கள் விதையைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார்கள்.
ஜெயித்தோம்.

மறு வாரமும் பல்பு இமைத்தது, பறவை நின்றது.
அதற்கடுத்த செவ்வாயும்.
அன்றைக்குத்தான் கன்ட்ரோலரை வைத்துவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
எதிர்ச் சரிவு முழுக்க இருட்டு.
எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே லைன்.

அப்புறம்தான் உறைத்தது,
அது ஆள் பெயரே இல்லை,
பேக்கரியில் கிலோ கணக்கில் கட்டித் தருகிற வர்க்கி.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சரிவில் ஒரு டார்ச் கிளம்பியது.
காட்டெருமை விரட்டப் போகிறவரோ,
ஃபியூஸ் பார்க்கப் போகிறவளோ.
செல்போன் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.
பதில் இல்லை. மஞ்சு ஏறி வந்து
எங்கள் இரண்டு பக்கத்தையும் பூசி அடைத்தது,
கீறல்கூட விடாமல்.

திரையில் தொண்ணூறு நொடி ஓடிக்கொண்டிருந்தது.
எதிரணியில் ஒருவர் இல்லை. தொடரலாமா, காத்திருக்கலாமா?
தொடர ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டும்.
எட்டுப் பேர் அழுத்திவிட்டார்கள்.
துருக்கியிலிருந்து யாரோ என்னைத் திட்டினான்,
நல்லவேளை துருக்கியில்.

எண்பத்தாறில் பல்பு இமைத்தது.
எதிரே மஞ்சுக்குள் மங்கலாக ஒன்று, இரண்டு, ஐந்து.
வர்க்கியின் இருவாச்சி ஒரு உதறு உதறியது.
இடப்பக்கம் சாய்ந்தது.
எனக்குத் தெரியாதா? வலப்பக்கம் பாய்ந்தேன்.

இடப்பக்கமே எறிந்தது.

நாற்பத்தியொன்று.
எழுதி வைத்துக்கொண்டேன்.