மயில்துத்தம்

கால் கிலோ மைதா, ரெண்டு சொம்புத் தண்ணீர்.
கொதி வந்து குமிழ் வெடிக்கையில்
மயில்துத்தம், நகத்தளவு.
பூஞ்சை பிடிக்காது, கரப்பான் வாய் வைக்காது.
மஞ்சக்குப்பம் பெரிய தபாலாபீசில்
பதினோரு வருசம் நான் காய்ச்சிய பசை.

தொண்ணூத்தொண்ணு ஆனியில்
பின்கட்டில், பழுதான தராசுக்குப் பக்கத்தில்
கால் ஆடுகிற ஒரு மேசை போட்டார்கள்.
தணிகாசலம் சார் சஃபாரி சட்டையில் வருவார்.
அம்பலவாணன்பேட்டை முகாம் என்று எழுதியிருந்தால்
வருவதும் போவதும் அவர் கை பட்டுத்தான்
பைக்குள் விழும்.
கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிப்பார்.
படிப்பார். பேரேட்டில் எழுதுவார்.
"ஒட்டும்மா" என்று என் பக்கம் தள்ளுவார்.

எனக்குப் படிக்கத் தெரியாதென்று
அவராகவே நினைத்துக்கொண்டார்.
நானும் திருத்தவில்லை.

யாழ்ப்பாணத்து உறைகள்
வரும்போதே ஒருமுறை கிழிபட்டு
பழுப்பு நாடா சுற்றி வரும்.
கணக்குக் கொப்பித் தாளில் மடித்த உறைகள்.
ஒன்றின் முகவரிக்கு அடியில்
ஏதோ பிள்ளை போட்ட வகுத்தல்.
மீதி மூன்று.

உள்ளே அங்கங்கே கறுப்பு மை.
சார் ஜன்னலில் பிடித்துப் பார்ப்பார்,
தெரியாது.
எனக்கே மறைக்கிறானா என்று
கொழும்புக்காரன்மேல் கோபம் வரும்.

"இங்கை சரியான மழை" என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.
சிவப்பில் அடிக்கோடு.
மழை என்றால் என்ன?
ஷெல்லா, விமானமா, ஆள் எடுப்பா?
காற்றாடியைப் பார்த்துக் கேட்டார்.
அந்த வாரம் கெடிலம் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது.
முழங்கால் தண்ணீரில்
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தவர்
சிவப்பு மசிமேல் நீல மசி பூசி அழித்தார்.

வைகாசியில் ஒரு கடிதம்.
மார்கழியில் எழுதியது.
கரவெட்டியிலிருந்து, தங்கை நேசமலருக்கு.
சுகம். பசு கன்று போட்டது. மண்ணெண்ணெய் இல்லை.
அப்புறம் ஒரு கோடு கிழித்துக் கீழே:

"இதை உடைச்சு வாசிக்கிற ஐயாவுக்கு,
வாசியுங்கோ, அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.
திருப்பி ஒட்டேக்கை வடிவா ஒட்டுங்கோ.
போன சித்திரையிலை அனுப்பின
பிள்ளையின்ரை படம்
தங்கச்சிக்குக் கிடைக்கேல்லையாம்.
என்னட்டை வேறை படம் இல்லை.
பிள்ளை"

அதற்குப் பிறகு ரெண்டு விரல் நீளத்துக்குக் கறுப்பு.

சார் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.
பேரேட்டில் எழுதினார்: இணைப்பு இல்லை.
"ஒட்டும்மா."
டீ குடிக்கப் போனார்.

நான் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
தராசுக்குப் பின்னால் கை விட்டேன்.
ஓட்டடை, ரெண்டு பித்தளைப் படிக்கல், ஒரு பல்லி முட்டை.
எடுத்துவைக்கலாம் என்று பசைக் கிண்ணத்தைத் தூக்கினேன்.

ஆடாமலிருக்க அடியில்
நான் கொடுத்த அட்டை.
போன ஆடியில் தரையில் கிடந்தது.
எடுத்தேன், செருகினேன்,
திருப்பிப் பார்க்கவில்லை.

வெந்நீர் தொட்டு, ஓரத்திலிருந்து உரித்தேன்.
பத்து மாதம் பசை வழிந்தும்
ஒரு கரப்பான் கடிக்கவில்லை.
பனியன் போட்ட பையன்.
ஒரு கையில் கரண்டி,
கேமராக்காரனை அடிக்க ஓங்கினாற்போல.
இடது கன்னத்தில் மட்டும் மயில்நீலம்.

உறைக்குள் வைத்தேன்.
நாலு ஓரமும் தடவி
முந்தானையால் அழுத்தி ஒட்டினேன்,
அவள் சொன்ன மாதிரி.

ஆனி கடைசியில்
முகாமிலிருந்து கரவெட்டிக்குப் போகும் கடிதம்.
சார் நெடுநேரம் வைத்திருந்தார்.
பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.
சிவப்புப் பேனா மூடியைத் திறந்தார்.

"அம்சவேணி, இங்கே பாரு.
'படம் வந்து சேர்ந்தது' என்று எழுதியிருக்கிறாள்.
படம் என்றால் என்ன?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே சார்"
என்றேன்.
அடுப்பில் பசை
அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.