பரிவர்த்தனைக்குள் சும்மா

செங்கோட்டையில் மாவுமில்லுக்கு மேல்மாடி.
சாரல் ஜன்னல் வழியாக விசைப்பலகை வரை வருகிறது.
ஒன்று முப்பத்து மூன்றுக்குப் போன்:
"பர்வீன், புளியரையில எடைமேடை தொங்குது.
டிப்பர் எல்லாம் எஸ் வளைவு வரைக்கும் நிக்கு."
பின்னால் யாரோ மலையாளத்தில்,
"எந்தா சாரே, ஹேங் ஆயோ?"

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன்.
அந்தக் கருவிக்குச் செய்தவர்கள் வைத்த பேர் வேறு;
என் கணினியில் அதற்கு 'எட்டிப்பார்' என்று பேர்.
படமில்லை, பொத்தானில்லை.
இரண்டு நொடிக்கொருதரம் கண்சிமிட்டித் திறந்து
உள்ளே யார் யார், எவ்வளவு நேரமாய்,
எதன்மேல் கைவைத்து
என்று எழுத்தால் மட்டும் சொல்லும்.

சிபியு தூங்குகிறது. வட்டும் தூங்குகிறது.
நினைவகம் பாதி காலி.
ஆனாலும் பதினேழு அமர்வுகள் காத்து நிற்கின்றன,
மலையேறும் வண்டிகளைப் போலவே,
ஹாரன்தான் இல்லை.
வரிசையின் தலையைத் தேடி ஏறினேன்.
4417ஐ மறிப்பது 4409.
4409ஐ மறிப்பது 4386.
4386ஐ மறிப்பார் யாருமில்லை.

கவுண்டர் இரண்டு. கோமதிநாயகம்.
நிலை: பரிவர்த்தனைக்குள் சும்மா.
நாற்பது நிமிஷம், பதினோரு நொடி.

சும்மா இருப்பதே சுகம் என்பார்கள்.
இவர் சும்மா இருக்கிற நேரத்தில்
'நாள் மொத்தம்' என்கிற ஒற்றை வரி
கயிற்றுநுனி போல இவர் கையில் சுற்றிக் கிடக்கிறது.
கடைசியாய்ச் சொன்ன கட்டளை அப்படியே தெரிகிறது:
இந்த வண்டிக்கு எடையை மாற்று,
34,900.

அட்டவணையைக் கேட்டேன்.
46,300 என்றது.
தரவுத்தளம் இன்னும் அதைத்தான் நம்புகிறது.
புது எண்
கோமதிநாயகத்தின் அமர்வுக்குள் மட்டும்
வாயில் அடக்கிய வெற்றிலை மாதிரி:
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

எண்டர் விசைக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு
நாற்பது நிமிஷம் ஒரு மனிதர் என்ன யோசிப்பார்?
மகளின் நர்சிங் கட்டணமா,
கண்ணாடிக்கு வெளியே மழையில் நிற்கும் டிரைவரையா,
இல்லை, வெறுமனே கழிவறைக்குத்தான் போனாரா,
எட்டிப்பாரில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

கே விசை. அவ்வளவுதான்.
4386ஐ முடிக்கவா, ஆம், இல்லை, என்று கேட்கும்.
ஆம் என்றால் எல்லாம் பின்னோக்கி உருண்டு
பொய் பிறக்காமலே போய்விடும்.
பதினேழும் அவிழும். எஸ் வளைவு நகரும்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அழுத்தினேன். கேட்டது.
கர்சர் 'ஆம்' மேல் துடித்தது.
நானும் சும்மா இருந்தேன்.

ஒரு சிமிட்டல். இன்னொன்று.
"முடிஞ்சுதா?" போனில்.
"இருங்க."
கீழே மில் வாசலில் ஒரு நாய் உடம்பை உதறியது.

1:39க்குத் திரையில் 4386 இல்லை.
நான் தொடவில்லை.
பதினேழும் மளமளவென்று கரைந்தன.
போனவர் உறுதிசெய்துவிட்டுப் போனாரா,
கைவிட்டுவிட்டுப் போனாரா?
போனவர்களைப் பற்றி எட்டிப்பாருக்குத் தெரியாது.
மறுபடி அட்டவணையைக் கேட்டேன்.
அவசரத்தில் அரைப்புள்ளி விட்டுப்போக
அதுவும் பதில் சொல்லாமல் காத்திருந்தது.
போட்டேன்.

46,300.

காலையில் பேருந்து நிலையத்தில்
குடையை மடக்கியபடி வந்தார், சாப்பாட்டுப் பையோடு.
"ராத்திரி சர்வர் ரொம்ப நேரம் நின்னுட்டோ?"
"ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி" என்றேன்.
தென்காசி வண்டி வந்தது, ஏறிக்கொண்டார்.

பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.
இடையூறு: இரண்டு நிமிடம். காரணம்: பூட்டு.
அந்த எண்ணைத் தட்டி எண்டர் அழுத்த
எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.